மூன்று மெஷினுக்கு ஒரு கடிவாளம்

“எந்த சாஃப்ட்வேர் வாங்கணும்? அதை மட்டும் சொல்லு. வேற பேச்சு வேண்டாம்.”

கதவு திறந்ததும் நல்லசிவம் கேட்டது இதுதான். வணக்கம் கிடையாது, நலம் விசாரிப்பு கிடையாது. அவருக்குக் கோபம் வந்தால் மரியாதை பின்வாசல் வழியாகக் கிளம்பிவிடும்.

ரஹ்மத்துன்னிசா கையில் வெண்டைக்காயும் கத்தியுமாக நின்றார்.

“உக்காருங்க சார்.”

இந்த ‘சார்’ பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நல்லசிவம் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பரிசோதனைக் கூடத்தின் தலைவர். ரஹ்மத் ஒரு காலத்தில் அவரிடம் வேலை கற்றவர். இன்றைக்கு அந்த வட்டாரத்தில் எந்தக் கூடத்தில் மெஷின் மக்கர் செய்தாலும் ரஹ்மத்தைத்தான் தேடிப் போகிறார்கள். ஆக, கேட்க வந்தவர் ‘நீ’ என்பார், சொல்ல வேண்டியவர் ‘சார்’ என்பார். இருவருக்கும் இது பழகிப்போயிருந்தது.

ரஹ்மத்திடம் ஒரு கெட்ட பழக்கம். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லவே மாட்டார்.

அது தெரிந்துதான் நல்லசிவம் முந்திக்கொண்டார். “உன் விளையாட்டெல்லாம் மத்தவங்ககிட்ட வச்சுக்கோ. நாளைக்குக் காலையில மேலிடத்துக்கு நான் ஒரு பேரைச் சொல்லியாகணும்.”

“என்ன பிரச்சினை சார்?”

“மூணு மெஷின். மூணு கம்பெனி. மூணு சாஃப்ட்வேர். ஒருத்தன் பேசறது இன்னொருத்தனுக்குப் புரியாது. நடுவுல மாட்டிக்கிட்டு நான் சாகறேன்.”

அவர் சொன்னது எச்.பி.எல்.சி. மெஷினை. மருந்தைக் கரைத்து மெல்லிய குழாய் வழியாக அழுத்தித் தள்ளினால், அதில் கலந்திருப்பதை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும். கம்ப்யூட்டர் திரையில் ஒவ்வொரு பொருளும் ஒரு மலையாக எழும்பும். பெரிய மலை மருந்து. அதன் சரிவில் ஒட்டிக்கொண்டு ஒரு சின்ன மலை எழுந்தால் அது வேண்டாத கலப்பு. சின்ன மலை ஓர் அளவைத் தாண்டிவிட்டால் அந்த மருந்து வெளியே போகக் கூடாது. இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்லத்தான் அத்தனை கோடி ரூபாய் மெஷின்கள்.

“விக்கறவங்களைக் கூப்பிட்டீங்களா?”

“வந்தானுங்களே! மூணு பேரும் வந்தானுங்க. எங்க சாஃப்ட்வேர் எல்லார் மெஷினையும் ஓட்டும்னு வாய் கிழியப் பேசினானுங்க. சரி, ஓட்டிக் காட்டுன்னேன்.”

“காட்டினாங்களா?”

“ஒருத்தனோடது அடுத்தவன் பம்பை ஓட்டுது, குழாயைச் சூடாக்கற பெட்டியைத் தொட மாட்டேங்குது. இன்னொருத்தனோடது எல்லாத்தையும் ஆரம்பிக்குது, நிறுத்தத் தெரியலை. நான் பிளக்கைப் பிடுங்கி நிறுத்தினேன். மூணாவது ஆள், அடுத்த வருஷம் சரியாயிடும் சார்ங்கறான். அடுத்த வருஷம்!”

ரஹ்மத் சிரித்துவிட்டார். நல்லசிவம் சிரிக்கவில்லை.

“இத்தனை வருஷம் மூணையும் வச்சு ஓட்டினீங்களே. இப்ப என்ன திடீர்னு?”

நல்லசிவத்தின் முகம் இன்னும் கறுத்தது.

“அல்போன்சாவால வந்த வினை.”

அல்போன்சா அவர் கூடத்தில் நெடுநாளாக இருக்கும் பரிசோதகர். மூன்றாவது மெஷின் அவருடைய பொறுப்பு. ரத்த அழுத்த மாத்திரையில் ஒரே தடவையாகத் தயாரான புதிய சரக்கிலிருந்து, அதாவது ஒரு பேட்சிலிருந்து, சாம்பிள் எடுத்து அதில் ஓட்டினார். சின்ன மலை அளவைத் தாண்டி நின்றது. பேட்ச் தேறவில்லை என்று எழுதினார்.

நல்லசிவம் நம்பவில்லை. அதே சாம்பிளைத் தானே எடுத்துப்போய் முதல் மெஷினில் ஓட்டினார். தேறியது. இரண்டாவதில் ஓட்டினார். தேறியது.

“ரெண்டு மெஷின் சரிங்குது, ஒண்ணு தப்புங்குது. எதை நம்பறது? ரெண்டை நம்பி பாஸ் போட்டேன். அந்தம்மா என்ன பண்ணினா தெரியுமா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம மேலிடத்துக்கு எழுதிட்டா. நல்லசிவம் சார் தேறாத மருந்தைத் தேத்தறாருன்னு!”

“அப்புறம்?”

“சஸ்பெண்ட் பண்ணிட்டேன். நாளைக்கு அவ மேல விசாரணை. நான் கையெழுத்துப் போட்டா அவ வேலை போயிடும். போடத்தான் போறேன்.” தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டார். “ஒரே சாஃப்ட்வேர் இருந்திருந்தா இந்தக் கேவலம் எனக்கு வந்திருக்குமா? மெஷினுக்கு மெஷின் பேச்சு மாறியிருக்குமா?”

ரஹ்மத் கத்தியை வைத்தார். கையைக் கழுவினார். முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார்.

“வாங்க, போகலாம்.”

“எங்க?”

“உங்க லேபுக்கு.”

“ஒரு பேரைச் சொல்றதுக்கு எதுக்கு லேபு?”

ரஹ்மத் அதற்குள் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை என்றாலும் மாதக் கடைசி. தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு லாரி குறுக்கே நின்றது. நல்லசிவம் விடாமல் ஹாரன் அடித்தார்.

குடோன்காரர் ஓடி வந்தார். “கோவிச்சுக்காதீங்க சார். நீங்க பாஸ் போட்ட ரத்த அழுத்த மாத்திரைதான். ஏத்திட்டா கிளம்பிடும்.”

“சீக்கிரம் எடுங்கய்யா வழியை விட்டு!”

லாரி குடோன் பக்கமாக நகர்ந்தது. கார் உள்ளே போனது.

கூடத்தில் யாரும் இல்லை. மூன்று மெஷின்களும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நல்லசிவம் அவற்றைப் பங்காளிகளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“மூணாவது மெஷின்ல அல்போன்சா ஓட்டினதைத் திறங்க சார்,” என்றார் ரஹ்மத்.

நல்லசிவம் தேடினார். ஓரிடத்தில் அழுத்தினார், வேறு ஏதோ திறந்தது. மூடினார். மறுபடி அழுத்தினார். பல்லைக் கடித்தார்.

“இந்தச் சனியன் சாஃப்ட்வேர் எனக்குப் பிடிக்காது. கத்துக்கவும் இல்லை.”

ரஹ்மத் எட்டித் திறந்து கொடுத்தார்.

பெரிய மலை. அதன் சரிவில் சின்ன மலை. இரண்டுக்கும் நடுப் பள்ளத்திலிருந்து நேர் கீழாக ஒரு கோடு இறங்கி, அடிவாரத்தைத் தொட்டு நின்றது. அந்த மருந்துக்கென்று எழுதி வைத்த சோதனை முறைப்படி சாஃப்ட்வேர் தானாகப் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம், உச்சியிலிருந்து அடிவாரம் வரை அடைபடும் சின்ன மலைதான் கலப்பின் அளவு.

“என்ன அசிங்கமான கோடு,” என்றார் நல்லசிவம்.

“நீங்க போடுங்க.”

“என்ன?”

“சார் கோடு போடுங்க.”

‘சார் கோடு’ என்பது அந்தக் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த பேச்சு. சின்னவர்கள் சாம்பிளை ஓட்டுவார்கள். கடைசியில் நல்லசிவம் வந்து உட்கார்ந்து, கம்ப்யூட்டர் போட்ட கோட்டை நீக்கிவிட்டுத் தன் கையால் ஒரு கோடு போடுவார். சுற்றி நின்று பார்ப்பார்கள். சார் கோடு போட்டால் அச்சு மாதிரி இருக்கும் என்பார்கள். அவருக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அவர் கோபம் கொஞ்சம் இறங்கியது.

ரஹ்மத் கைப்பையிலிருந்து ஒரு பேருந்துச் சீட்டை எடுத்து, திரையில் அளவு காட்டும் மூலையில் ஒட்டி மறைத்தார். எந்த பட்டனை அழுத்த வேண்டும் என்று காட்டினார்.

நல்லசிவம் மவுஸைப் பிடித்தார். கண்ணைச் சுருக்கினார். பள்ளத்தில் தொடங்கி, பெரிய மலையின் சரிவோடு சரிவாகச் சின்ன மலையின் இடுப்பை ஒட்டிச் சாய்வாக ஒரு கோடு இழுத்தார். இடுப்புக்குக் கீழே இருந்ததெல்லாம் கணக்குக்கு வெளியே போனது. அழகான கோடு. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

“ஆச்சு.”

ரஹ்மத் சீட்டை எடுத்தார்.

தேறியிருந்தது.

நல்லசிவம் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். “பாத்தியா? பாத்தியா! மெஷின் மேல தப்பே இல்லை. முதல் மெஷின் என்ன சொல்லுச்சோ, ரெண்டாவது என்ன சொல்லுச்சோ, அதையேதான் இதுவும் சொல்லுது. அந்தம்மாவுக்குக் கோடு போடத் தெரியலை. அவ்வளவுதான்!”

“முதல் மெஷின்ல நீங்க ஓட்டினதைத் திறங்க சார்.”

இதில் அவர் விரல் தானாக ஓடியது. திறந்தார். இங்கேயும் சாய்வான கோடு. அதே அழகு.

“கோட்டை எடுங்க.”

“எதுக்கு?”

“எடுங்க. மெஷினே போடட்டும்.”

எடுத்தார். சாஃப்ட்வேர் ஒரு நொடி யோசித்து, பள்ளத்திலிருந்து நேர் கீழாக ஒரு கோட்டை இறக்கியது.

தேறவில்லை.

நல்லசிவம் திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தார்.

“ரெண்டாவது.”

இரண்டாவதைத் திறந்தார். கோட்டை எடுத்தார். நேர் கோடு.

தேறவில்லை.

மூன்றாவதற்கு ரஹ்மத் அவரைக் கேட்கவில்லை. தானே எட்டி, சற்றுமுன் அவர் போட்ட கோட்டை நீக்கினார்.

தேறவில்லை.

மூன்று திரைகளிலும் மூன்று நேர் கோடுகள்.

“மூணு கம்பெனிக்காரனும் ஒரே பேச்சுத்தான் பேசறான் சார்,” என்றார் ரஹ்மத்.

நல்லசிவத்துக்கு ரத்தம் தலைக்கு ஏறியது.

“என்ன சொல்ல வர்றே? நான் திருடன்னு சொல்றியா? இந்த மருந்துல ஒரு பைசா எனக்கு வருதா? கம்ப்யூட்டர் போடறதெல்லாம் வேதவாக்கா? கையால கோடு போடறது தப்புன்னு எவன் சொன்னான்?”

“தப்பில்லை சார். சில இடத்துல கையாலதான் போடணும். நானும் போடறேன். ஏன் போட்டேன்னு காரணம் எழுதிட்டுப் போடறேன்.”

“சரி.”

“நீங்களும் காரணம் சொல்லுங்க. சாய்வா ஏன் போட்டீங்க?”

“ஏன்னா...” என்று ஆரம்பித்தார்.

நின்றார்.

“ஏன்னா, இருபது வருஷமா அப்படித்தான் போடறேன்.”

ரஹ்மத் பேருந்துச் சீட்டை மடித்துக் கைப்பையில் போட்டார். மறுத்துப் பேசியிருந்தால் நல்லசிவத்துக்கு நன்றாக இருந்திருக்கும். கத்தவாவது ஓர் ஆள் கிடைத்திருக்கும்.

“நீ என்கிட்ட வேலை கத்துக்கிட்டவ,” என்றார். “அதை மறந்துடாதே.”

“மறக்கலை சார். அதனாலதான் நீங்க போடறதுக்கு முன்னாடியே அந்தக் கோடு எனக்குத் தெரிஞ்சுது.” ரஹ்மத்தின் குரல் முதன்முறையாகச் சுட்டது. “நானும் அப்படித்தான் போட்டுட்டு இருந்தேன். இங்கிருந்து போன பிறகும் போட்டேன். ஏன் போடறேன்னு என்னை யாருமே கேக்கலை. உங்க விஷயத்துல அல்போன்சா எழுதிக் கேட்டாங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்பிட்டு, சாஃப்ட்வேர் பேரைக் கேட்டு என் வீட்டுக்கு வர்றீங்க!”

நல்லசிவம் உட்கார்ந்தார். கோபம் எங்கேயும் போகவில்லை. அப்படியேதான் இருந்தது. ஆனால் அதைத் தூக்கி எறிய விற்பனைக்காரர்கள் இல்லை, மெஷின்கள் இல்லை, அல்போன்சா இல்லை. அவர் மட்டும்தான் இருந்தார்.

தன் வலது கையைப் பார்த்தார்.

பிறகு, வந்தபோது கேட்டதையே கேட்டார். இம்முறை குரல் எழும்பவில்லை.

“எந்த சாஃப்ட்வேர்தான் வாங்கணும்?”

“அல்போன்சாவைக் கேளுங்க.”

“நான் கேட்டா அவ சொல்லுவாளா?”

“கேட்டுப் பாருங்க.”

ஃபோனை எடுத்தார். வைத்தார். மறுபடி எடுத்து எண்ணை அழுத்தினார். ரஹ்மத் எட்டி ஸ்பீக்கரைப் போட்டார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார்கள்.

“சொல்லுங்க சார்.” பனிக்கட்டி போல ஒரு குரல்.

“அல்போன்சா... நான் நல்லசிவம்.”

“தெரியுது.”

“அந்த... மூணு மெஷினுக்கும் சேத்து ஒரு சாஃப்ட்வேர்... எது வாங்கலாம்னு...”



“இதுக்கா சார் ஃபோன் பண்ணீங்க?”

“இல்லைம்மா. நீ எழுதினது சரி. மூணுலயும் பாத்துட்டேன். நாளைக்கு நான் கையெழுத்துப் போடலை. நீ வேலைக்கு வா.”

“என் வேலையை விடுங்க சார்!” அல்போன்சாவின் குரல் வெடித்தது. “பேட்ச் எங்க இருக்கு?”

நல்லசிவம் திரும்பி ஜன்னலைப் பார்த்தார்.

கீழே குடோன் வாசலில் அந்த லாரி. மேலே தார்ப்பாய் போட்டுக் கயிறு கட்டி முடித்திருந்தார்கள். டிரைவர் ஒரு காலைப் படியில் வைத்து ஏறிக்கொண்டிருந்தார்.

நாற்காலி கவிழ்ந்தது. ஃபோன் மேஜையில் விழுந்தது. படிக்கட்டில் தடதடவென்று சத்தம்.

“சார்? கேக்கறேன்ல, பேட்ச் எங்க சார்?”

ரஹ்மத் ஃபோனை எடுத்தார்.

“ஓடறாரும்மா,” என்றார்.