மச்சான் பிடித்த கயிறு

மதுரையில் எந்த ராஜா முடிசூடினார் என்பது கடற்கரைக்கு ஆறு மாதம் கழித்தே தெரியவரும் காலம் அது. பெரியவர்களே, பிள்ளைகளே, அந்தக் காலத்தில் முத்துக் குளிக்கும் ஓர் ஊரில் சந்தியாகு என்று ஒருவன் இருந்தான்.

கனமான கல்லில் கால் வைத்து, அதன் பாரத்தில் அவன் கடலுக்குள் இறங்குவான். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தோணியில் அவன் மச்சான் தொம்மை பிடித்திருப்பான். மனைவியின் உடன்பிறந்தவன்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது அந்த ஊர் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணன் சம்மதிப்பான்? கரையில் மச்சானைக் கேலி பேசாத ஆள் கிடையாது. கடலில் பேச ஒருவனுக்கும் வாய் வராது.

அந்த வருஷம் சந்தியாகுவின் ஒரே மகளுக்கு அம்மை கண்டது. மூன்று நாள் அவன் மாதா கோயிலில் முழங்காலில் நின்றான். மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள். அதற்குப் பிறகு அவன் கோயில் வாசலை மிதிக்கவில்லை.

"கூப்பிட்டேன், கேக்கல. மேல யாரும் இல்ல மச்சான்" என்றான்.

தொம்மையும் அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்தவன்தான். ஆனாலும் சந்தியாகு இறங்கும் ஒவ்வொரு முறையும் அவன் நெற்றியில் சிலுவை போட்டே அனுப்பினான்.

ஒரு நாள் சந்தியாகு அடியில் இருக்கும்போது காற்று திரும்பியது. தண்ணீர் கலங்கி, தன் கையே அவனுக்குத் தெரியவில்லை. மேலே தூக்கச் சொல்லிக் கயிற்றை இழுத்தான். தளர்ந்து வந்தது. மறுபடி இழுத்தான். தளர்ந்து வந்தது. மூன்றாம் முறையும் தளர்ந்தே வந்தது.

'மச்சானும் விட்டுட்டான்' என்று நினைத்தான். முடிச்சை அவிழ்த்தான். மூச்சு முட்ட, கைகாலை அடித்து, தோணிக்கு அப்பால் அலைகளுக்கு நடுவே தலை தூக்கினான்.

தோணியில் தொம்மை இல்லை.

துடுப்புப் போடும் இஞ்ஞாசி அழுதான். "காத்து தோணிய உன் பக்கமே தள்ளிட்டு வந்துச்சு சந்தியாகு. அதான் கயிறு தொய்ஞ்சுது. அவன் சுருட்டிச் சுருட்டி இழுத்தான். வெறுங்கயிறு வந்துச்சு. 'ஐயோ, என் தங்கச்சி'ன்னு கத்திட்டு, மாத்துக்கு வச்சிருந்த இன்னொரு முக்குளிக் கல்லைப் பிடிச்சுக்கிட்டுக் குதிச்சுட்டான்."

கயிறு பிடிப்பவனுக்கு நீந்தத் தெரியும். அடிவரை மூச்சடக்கத் தெரியாது.

சந்தியாகு மூழ்கித் தேடினான். மூன்றாம் மூழ்கலில் மச்சானைக் கொண்டுவந்தான். சந்தியாகுவின் கயிறு நழுவிவிடக் கூடாதென்று தொம்மை முதலிலேயே அதைத் தன் மணிக்கட்டில் சுற்றி முடிந்திருந்தான். செத்த பிறகும் அந்த முடிச்சு அவிழவில்லை.

கரையில் மதலேன் நின்றாள். புருஷன் உயிரோடு வந்தான், அண்ணன் பிணமாக வந்தான். அவள் ஏசவில்லை, மண் வாரித் தூற்றவில்லை.

"எங்க அண்ணன் உங்கள விட்டுருவான்னா நினைச்சீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

சந்தியாகு இத்தனை நாள் மிதிக்காத கோயிலுக்குள் தொம்மையைத் தோளில் சுமந்துகொண்டு நுழைந்தான். சிலுவையில் அறையப்பட்ட ஆண்டவரின் கைகளை வெகுநேரம் பார்த்தான். மகள் ஏன் போனாள் என்று அப்போதும் அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் இந்த முறை அவன் எழுந்து வெளியே போகவில்லை.

கேட்டவர்களே, கயிறு தளர்ந்து கைக்கு வரும் வேளையிலும் மேலே ஆண்டவர் அதை விடவில்லை என்று நம்பி, முடிச்சை அவிழ்க்காமல் இருப்பதே விசுவாசம்.