கொள்ளுப்பேரன் கண்ட நாய்

மலையடிவாரத்தில் கோடனூர் என்றொரு ராஜ்யம் இருந்த காலம் அது. அதை ஆண்டவர் சிம்மாதிராயர். நல்ல ராஜாதான், கோபம் வராத நாட்களில். நரைத்த மீசைக்கு மை தடவுகிறவர். ‘வயசாகிவிட்டது’ என்ற வார்த்தை அரண்மனையில் யார் வாயிலும் வரக்கூடாது, வந்தால் பத்து கசையடி. கூரை ஒழுகினால்கூட “கூரை நன்றாகப் பழகிவிட்டது மகாராஜா” என்றுதான் சொல்ல வேண்டும்.

அவருடைய வேட்டை நாய் சூறை. இளவரசர் பிறந்த அதே நாளில் பிறந்தது. பன்னிரண்டு வருஷமாக ராஜா போகும் இடமெல்லாம் போனது. அன்றைக்கு வேட்டையில் ஒரு காட்டுப்பன்றி ராஜாவின் மேல் பாய்ந்து அங்கவஸ்திரத்தைக் கிழித்துக்கொண்டு ஓட, சூறை மரநிழலில் சுகமாகப் படுத்திருந்தது. கூப்பிட்ட குரல் அதன் காதில் விழவே இல்லை.

ராஜாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “என் நாயை யார் என்ன செய்தீர்கள்?”

படைக்குத் தலைவரான தளவாய் வெங்களப்பர் இதற்காகவே காத்திருந்தவர்போல முன்னே வந்தார். “மகாராஜா, இளவரசருக்கும் சூறைக்கும் ஒரே பிராயம். இளவரசர் மரத்துக்கு மரம் தாவுகிறார். இதற்கு மட்டும் கண்ணும் காதும் போவானேன்? நாய்க்காரன் பொம்மையன் எதையோ கலந்து கொடுத்திருக்கிறான். அவனை வேலைக்கு வைத்தது நம் மந்திரியார்தான்.”

“வெள்ளிக்கிழமை அவன் தலையை வாங்குங்கள்!” என்றார் ராஜா.

மந்திரி ஆனையப்பர் பேருக்கேற்ற ஆளில்லை, ஒல்லிக்குச்சி. நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல அந்த ஒரு வார்த்தை வேண்டும். சொன்னால் கசையடி, ராஜாவும் நம்பப் போவதில்லை. தன் முதுகைப் பற்றி அவருக்குப் பெரிய கவலை இல்லை. பொம்மையன் கழுத்தை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை சிரித்த முகமாகச் சபைக்கு வந்தார். “மகாராஜா, நம் ஊரில் ஒருவர் கொள்ளுப்பேரனைக் கண்டிருக்கிறார்.”

கொள்ளுப்பேரன் கண்டவரை உட்காரவைத்து, தலையில் பொற்பூ சொரிந்து கனகாபிஷேகம் செய்வது அந்த நாட்டு வழக்கம். ராஜாவுக்கு விசேஷம் என்றால் உயிர். “ஆகா! இங்கேயே நடத்துவோம். என் கையாலேயே பூப் போடுகிறேன். சபை மொத்தமும் காலில் விழ வேண்டும்.”

“முதலில் விழுகிறவன் அடியேன்!” என்றார் தளவாய்.

“விழலாம் தளவாயாரே. ஆனால் ஆள் பார்க்கச் சின்னப்பிள்ளை என்று யாராவது சொல்லிவிட்டால்?” என்று மந்திரி தலையைச் சொறிந்தார்.

“என்ன ஓய் பேச்சு இது! கொள்ளுப்பேரன் கண்டவருக்கு எழுபது தாண்டாமல் இருக்குமா? பச்சைக் குழந்தைகூடச் சொல்லுமே!”

“அப்படியா மகாராஜா?”

“தளவாய் சொல்வதுதான் சரி. கூப்பிடும் அவரை.”

நாகஸ்வரம் முழங்கியது. பல்லக்கு வந்தது. திரை விலகியதும், மாலை போட்டுக்கொண்டு சூறை உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு குட்டி அந்த மாலையைக் கடித்துக்கொண்டிருந்தது.



“சூறையின் மகன் கரியன், கரியன் மகள் செவலை, செவலை பெற்றது இந்தப் பயல்” என்றார் மந்திரி.

“இதற்குப் பன்னிரண்டுதானே!” என்று கத்தினார் தளவாய்.

“பன்னிரண்டேதான். இளவரசருக்கும் பன்னிரண்டு, இன்னும் அரும்புமீசைகூட இல்லை. நாய் முதல் வருஷத்திலேயே நம்முடைய பதினைந்தைத் தொட்டுவிடும். அடுத்த வருஷம் இருபத்துநாலு வயது வாலிபம். அதற்கப்புறம் நமக்கு ஒன்று போனால் அதற்கு ஐந்து போய்விடும். கூட்டிப் பார்த்தால் எழுபது தாண்டுகிறது. நீர் சொன்ன கணக்குதான் ஓய்!”

பல்லக்கோடு காவலர் கூட்டிவந்த பொம்மையன், கட்டிய கைகளாலேயே சூறையை அணைத்துத் தூக்கிக் கீழே விட்டான். அது மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, ராஜாவைத் தாண்டிப் போய், ஒரு தூணில் முட்டி நின்றது. பிறகு திரும்பி, மெள்ள நடந்து, ராஜாவின் பாதத்தைக் கண்டுபிடித்து அதன்மேல் தலையை வைத்துப் படுத்தது.

ராஜா குனிந்து அதன் காதைத் தடவினார். தலை நிமிராமலே கேட்டார்: “இவனுக்கு வயசாகிவிட்டதா ஆனையப்பரே?”

“ஆகிவிட்டது மகாராஜா.”

கசை எடுக்க யாரும் போகவில்லை. பொம்மையனின் கைக்கட்டை ராஜாவே அவிழ்த்துவிட்டார். மந்திரி தோளில் தன் முத்துமாலையைப் போட்டார். பிறகு தளவாய் பக்கம் திரும்பினார். “முதலில் விழுகிறவர் நீர்தானே?”

தளவாய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சூறை ஒரு கொட்டாவி விட்டது. குட்டி அவருடைய தலைப்பாகையை இழுத்துக்கொண்டு ஓடியது. சபை வயிறு குலுங்கச் சிரித்தது.

ராஜா மட்டும் தரையில் உட்கார்ந்து, நாயின் தலையில் ஒவ்வொரு பொற்பூவாக வைத்தார்.

“பொம்மையா, இவனுக்கு என்ன சாப்பாடு போடுகிறாய்?”

“குழைச்ச பால்சோறுங்க மகாராஜா. பல்லெல்லாம் போயிடுச்சுங்களே, கறி மெல்ல முடியல.”

ராஜா சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு அவன் காதருகே குனிந்து மெதுவாகச் சொன்னார்: “நாளையிலிருந்து எனக்கும் அதையே போடச் சொல்.”