அந்துப்பூச்சிக்கு வரப்பு தெரியாது

அந்தக் காலத்தில் உருளைக்கிழங்கு மண்ணுக்கு மேலேதான் காய்த்தது. பூசணிக்காய் மாதிரி செடியைச் சுற்றிக் கிடக்கும். பூச்சி பேசும், கிழங்கு பேசும், மனிதர்களும் அதைக் காது கொடுத்துக் கேட்பார்கள். யார் காட்டில் கிழங்கு எவ்வளவு பெரிது என்று மலைப்பாதையில் போகிற எவரும் நின்று பார்த்துச் சொல்லிவிடலாம். பொறாமைப்பட அதைவிடத் தோதான ஊர் வேறு வேண்டுமா?

கிழங்கெடுப்பு அன்று எவள் காட்டில் கிழங்கு திரட்சியோ, அவள்தான் மலையம்மன் கோயிலுக்கு முதல் கூடையைச் சுமந்து போவாள். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கூடை காத்தாயியின் தலையில்தான் இருந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை, நகைநட்டும் இல்லை. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் ஊரே ஒதுங்கி நின்று அவளுக்கு வழிவிடும்.

பதின்மூன்றாம் வருஷம் அவள் கொழுந்தனுக்குக் கல்யாணமாகி, செவ்வந்தி ஓரகத்தியாக வந்து சேர்ந்தாள். அண்ணன் தம்பி காட்டைப் பிரித்துக்கொண்டார்கள். நடுவில் ஒற்றை வரப்பு. செவ்வந்தி போட்ட முதல் வெள்ளாமையிலேயே ஒவ்வொரு கிழங்கும் இரண்டு கைக்கு அடங்காமல் விளைந்தது. போகிறவர்கள் காத்தாயியின் காட்டைத் தாண்டிப்போய் அங்கே நின்றார்கள்.

"நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் போட்டேன்கா," என்றாள் செவ்வந்தி சந்தோஷமாக.

அவள் வாய்த்துடுக்காக ஏதாவது பேசியிருந்தால் காத்தாயிக்குத் தாங்கியிருக்கும். இந்தப் பணிவுதான் தாங்கவில்லை. வயிறு பற்றி எரிந்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஓடைக்கரை ஊமத்தைச் செடியில் ஓர் அந்துப்பூச்சி குடியிருந்தது. சாம்பல் நிறம், நகக்கண் அளவு உடம்பு. காத்தாயி அதைத் தேடிப் போனாள்.

"எத்தனை நாளைக்குத்தான் இந்தக் கசப்புச் செடியில கெடப்ப? என் ஓரகத்தி காட்டுல கிழங்கு கொழுத்துக் கெடக்கு. போய் முட்டை வையி."

"போறேன். அவ காடு எதுன்னு எப்படித் தெரியும்?"

"வரப்புக்கு அந்தப் பக்கம்."

"வரப்புன்னா என்ன?" என்று கேட்டது பூச்சி.

காத்தாயி அதற்குள் பாதி வழி போய்விட்டாள். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு அல்லவா!

பத்துப் பதினைந்து நாளில் செவ்வந்தியின் கிழங்குகளில் ஓட்டை விழுந்தது. உள்ளே புழு குடைந்து, ஓட்டை வாயில் கறுப்புக் கறுப்பாக எச்சம் தள்ளியிருந்தது. காட்டில் அழுகல் நாற்றம். செவ்வந்தி தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். காத்தாயி ஓடிவந்து, "ஐயோ, எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!" என்று அங்கலாய்த்தாள். முகத்தில் வருத்தம் வருவதற்குத்தான் ரொம்பப் பாடுபட வேண்டியிருந்தது.

திரும்பி வரப்பைத் தாண்டியவள் தன் காட்டு ஓரத்துக் கிழங்கைப் பார்த்தாள். அதிலும் ஓட்டை. அடுத்ததிலும் ஓட்டை.

"அடிப் பாவி, உன்னை அங்கதான போகச் சொன்னேன்!" என்று கிழங்கின்மேல் உட்கார்ந்திருந்த பூச்சியைப் பார்த்துக் கத்தினாள்.

"நான் பறக்கிறவ தாயே," என்றது பூச்சி. "எனக்குக் கிழங்குதான் தெரியும், பங்காளி தெரியாது."

மூக்கை அறுத்துக்கொண்டு சகுனத்தடை பண்ணின கதையாகிவிட்டது. காத்தாயி வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் அவள் காட்டில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் செவ்வந்தி. பூச்சி விழுந்த கிழங்கையெல்லாம் பொறுக்கிக் குழியில் போட்டு மூடியிருந்தாள். இப்போது உழவுச் சாலிலிருந்து மண்ணை இழுத்து, மிச்சக் கிழங்குகளை மூடிக்கொண்டிருந்தாள்.

"கிழங்கே சொல்லுச்சுக்கா. மண்ணைப் போட்டு மூடு, பூச்சி எங்களைத் தொடாதுன்னுச்சு. என்னது முக்காலும் போச்சு. உங்களது பாதிக்கு மேல தேறும். அதான் மொதல்ல இங்க வந்தேன். இந்த வருஷமும் மொதக் கூடை உங்களதா இருக்கட்டும்."

காத்தாயிக்கு அழுகை வந்தது. நல்ல மனசிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று உள்ளே இன்னொரு எரிச்சலும் வந்தது. மண்வெட்டியை வாங்கி, செவ்வந்தி காட்டிலும் மிச்சமிருந்ததற்கு மண் அணைத்தாள். சாயங்காலத்துக்குள் இரண்டு காட்டிலும் கிழங்கே கண்ணில் படவில்லை.

அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. பாதையில் போகிறவர்களுக்கு என் கிழங்கு எப்படித் தெரியும்? பாதை ஓரத்தில் இருந்ததிலேயே பெரிய கிழங்கை மட்டும் மண்ணை விலக்கித் தலையை வெளியே நீட்டவிட்டாள். வந்தவர் போனவர் எல்லாம் அதைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். காத்தாயிக்கு மறுபடியும் சோறு இறங்கியது.

கிழங்கெடுப்பு அன்று மூடியிருந்ததெல்லாம் பழுதில்லாமல் வந்தது. காத்தாயியின் காட்டில்தான் அதிகம்; இருந்ததிலேயே பெரிய கிழங்கும் அவளுடையதுதான். ஊரார் கூடையை அவளுக்கே கொடுத்தார்கள். அவள் அந்தப் பெரிய கிழங்கை உச்சியில் வைத்து நடந்தாள்.

பூசாரி கூடையை இறக்கி, அந்தக் கிழங்கைக் கையில் எடுத்தார். ஒருமுறை மண்ணுக்குள் போய் வந்த கிழங்குக்கு வெயில் ஒத்துக்கொள்ளாமல், வெயில் பட்ட பக்கம் பச்சையாக இருந்தது. ஒரு துண்டு கிள்ளி நாக்கில் வைத்தவர் கசப்பில் முகத்தைச் சுளித்தார். கிள்ளிய இடத்திலிருந்து ஒரு புழு நெளிந்து அம்மன் காலடியில் விழுந்தது.

ஊரார் இரண்டடி பின்வாங்கினார்கள். செவ்வந்தி மட்டும், "அது ஒண்ணுதான் சாமி, மத்ததெல்லாம் நல்லா இருக்கு," என்று பதறினாள்.

"அந்தப் பூச்சியக் கூப்பிட்டதே நான்தான்," என்றாள் காத்தாயி. பிறகு கூடையைத் தூக்கி, தன் கையாலேயே செவ்வந்தியின் தலையில் வைத்து, ஒதுங்கி நின்று வழிவிட்டாள்.

அன்று முதல்தான் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே காய்க்கிறது. செடி வளர வளர நாமும் மண் அணைத்துக்கொண்டே இருக்கிறோம். தலை நீட்டுகிற கிழங்கு இன்றைக்கும் பச்சையாகிக் கசக்கிறது, பூச்சி அதைத்தான் முதலில் தேடிவருகிறது. பக்கத்துக் காட்டுக்காரியின் கிழங்கு நம்முடையதைவிடப் பெரிதா என்பது மட்டும் தோண்டுகிற நாள்வரை யாருக்கும் தெரிவதில்லை.