உரியவர் இல்லாத சங்கம்

ராஜா தூக்கத்தில் புரண்டு படுத்தாலே மந்திரிகள் அர்த்தம் தேடிக்கொண்டிருந்த முன்னொரு காலத்தில், கனகசேனன் என்றொரு ராஜா இருந்தார். நல்ல மனிதர். ஆனால் காலையில் எழுந்ததும் என்ன கேட்பார் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஒருநாள் பல் துலக்கிக்கொண்டிருந்தவர், அரண்மனைத் தோட்டத்தில் தண்ணீருக்குப் பதிலாகப் பன்னீர் பீய்ச்சும் நீரூற்று ஒன்று வேண்டும் என்றார். அதுவும் இரவு பகலாக ஓயாமல் பீய்ச்ச வேண்டும்.

பொக்கிஷ மந்திரி வல்லபராயர் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தார். அத்தனை பன்னீர் வாங்கக் கஜானாவில் பணமில்லை. இல்லை என்று சொல்ல அவருக்குத் துணிவும் இல்லை. யோசித்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தவருக்கு ஆற்றங்கரைக் கலாசாலை கண்ணில் பட்டது. கூடவே விகடகவி சீராளனின் முகமும் நினைவுக்கு வந்தது. ஒரே கல்லில் இரண்டு காரியமும் முடிந்துவிடும் என்று அவருக்குத் தோன்றியதும் நடை வேகமானது.

சீராளன் அரசவையில் எல்லோரையும் சிரிக்க வைப்பவன். முந்தைய மாதம் வல்லபராயரின் புதுத் தலைப்பாகையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லி ராஜாவைப் புரையேறச் செய்தவன். இன்னொரு வேலையும் அவனுக்கு இருந்தது. கலாசாலையில் படித்துவிட்டுப் போனவர்கள் சேர்ந்து நடத்தும் பழைய மாணாக்கர் சங்கத்துக்கு அவன்தான் காரியதரிசி. படித்துப் போனவர்களில் விவசாயிகள் நெல் அனுப்புவார்கள், வியாபாரிகள் பணமோ துணியோ கொடுப்பார்கள். அதைக் கொண்டு வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சோறும் தங்க இடமும் கிடைத்தன. ஓய்வு பெற்ற ஆசிரியர்களுக்கு மாதப்படி போயிற்று. மிச்சம் இருந்தால் மழை பொய்க்கும் வருஷத்துக்கென்று பெட்டியில் வைத்துப் பூட்டுவார்கள். சங்கத்தை நடத்துகிறவர்கள் அதிலிருந்து ஒரு வெற்றிலைகூட எடுத்துக்கொள்வதில்லை.

மறுநாள் அவை கூடியதும் வல்லபராயர் எழுந்தார்.

"மன்னர் பெருமானே, சீராளரிடம் சில கேள்விகள் கேட்க அனுமதி வேண்டும். சீராளரே, சங்கத்துப் பெட்டியில் இருக்கும் பணம் உம்முடையதா?"

"இல்லை, ஐயா."

"உறுப்பினர்களுடையதா? வருஷ முடிவில் பங்கு பிரித்துக்கொள்வீர்களா?"

"கொடுப்பதோடு சரி. திரும்ப வாங்க ஒருவருக்கும் உரிமை கிடையாது."

"அப்படியானால் மாணவர்களுடையதா?"

"அவர்கள் சாப்பிடலாம். பிரித்து எடுத்துக்கொண்டு போக முடியாது."

வல்லபராயர் ராஜா பக்கம் திரும்பினார். "உரியவர் இல்லாத பொருள் அரசருக்கே உரியது என்பது நம் நாட்டுச் சட்டம். இந்தச் சங்கத்துக்கு உரியவர் எவரும் இல்லை என்று அதன் காரியதரிசியே சொல்லிவிட்டார். பன்னீர் ஊற்றுக்கு வழி பிறந்துவிட்டது."

ராஜாவுக்கு உற்சாகம் தாங்கவில்லை. அங்கேயே ஆணை எழுதச் சொன்னார். வல்லபராயர் பக்கத்தில் நின்று வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தார். சங்கத்தைச் சேர்ந்தது எதுவோ அதெல்லாம் நாளைப் பொழுது சாய்வதற்குள் அரண்மனையில் ஒப்படைக்கப்பட வேண்டும். எந்த ஒன்றும் விடுபடலாகாது. விடுபட்டால் காரியதரிசி நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். ஒரு கரண்டி குறைந்தாலும் சீராளனை எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடலாம் என்பது அவர் கணக்கு.

சீராளன் சங்கம் நடத்தும் மாணவர் விடுதிக்குப் போனபோது செய்தி அவனுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. சில பிள்ளைகள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. சமையல்கார முத்துவடிவு உலையில் அரிசி போடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"என்னய்யா இது, இவ்வளவு நாளா சிரிக்கச் சிரிக்கப் பேசி என்ன பிரயோசனம்? நாளைக்கு இந்தப் பிள்ளைகளுக்கு நான் எதைப் போடுவேன்?"

சீராளனும் ஒருகாலத்தில் இதே கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவன்தான். இந்தச் சோறு இல்லையென்றால் மாடு மேய்க்கப் போயிருப்பான். அடுப்படியில் உட்கார்ந்து ஆணையை எடுத்து மறுபடி படித்தான். மூன்றாவது தடவை படிக்கும்போது அவன் முகம் தெளிந்தது.

"அக்கா, அரிசியைப் போடுங்க. பிள்ளைகளா, மூட்டையை அவிழ்க்க வேண்டாம், கட்டினது கட்டினபடியே இருக்கட்டும். ஆனா ஊருக்கு யாரும் போகக் கூடாது. நாளைக்கு ராத்திரிச் சாப்பாடு அரண்மனையில."

மறுநாள் மாலை அரண்மனை வாசலில் முதலில் பணப்பெட்டி வந்தது. வல்லபராயர் புன்னகையோடு அதன் மேல் கை வைத்தார். பின்னால் நெல் மூட்டைகள் வந்தன. அண்டா குண்டா, ஆட்டுக்கல், இரண்டு பசுமாடுகள் வந்தன. பிறகு பிள்ளைகள் மூட்டையும் பாயுமாக வரிசையாக உள்ளே வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் படி வாங்கும் ஆசிரியர்கள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். கடைசியாக, விடுதிச் சுவருக்கு எந்த நிறத்தில் வெள்ளையடிப்பது என்று வருஷக் கணக்கில் வாதாடிக்கொண்டிருக்கும் சங்கத்துச் செயற்குழு, வாதத்தை நிறுத்தாமலேயே உள்ளே நுழைந்தது.

"இதென்ன கூத்து?" என்றார் வல்லபராயர். "பணத்தைத்தானே கேட்டோம்?"

"ஆணையைப் படித்துப் பாருங்கள், ஐயா. சங்கத்தைச் சேர்ந்தது எதுவோ அதெல்லாம் என்றிருக்கிறது. பிள்ளைகளின் பசி சங்கத்தைச் சேர்ந்தது. ஆசிரியர்களின் முதுமை சங்கத்தைச் சேர்ந்தது. செயற்குழுவின் சண்டையும் சங்கத்தைச் சேர்ந்ததுதான். விடுதியின் ஒழுகும் கூரையைத்தான் தூக்கிவர முடியவில்லை. அதிலிருந்து ஓடுகளை மட்டும் வண்டியில் ஏற்றியிருக்கிறேன்."

ராஜா மீசையைத் தடவிக்கொண்டார். "ஆணை ஆணைதான். வல்லபராயரே, எல்லாவற்றையும் நீரே பொறுப்பேற்று நடத்தும்."

அன்றிலிருந்து அரண்மனைக்குத் தூக்கம் போயிற்று. முத்துவடிவு பெரிய அடுப்பைப் பிடித்துக்கொண்டதால் ராஜாவின் தோசை உச்சிப்பொழுதுக்குத்தான் வந்தது. பசி தாங்காமல் அவரும் பிள்ளைகளுக்கு வடித்த சோற்றையே வாங்கிச் சாப்பிட்டார். இடம் போதாமல் பாதிப் பிள்ளைகளை வல்லபராயரின் மாளிகைக்கு அனுப்பினார்கள். அவர்கள் விடியற்காலையில் அவருடைய படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே உரக்கச் சூத்திரம் ஒப்பித்தார்கள். செயற்குழு அவரை வழிமறித்து, வெளிர்மஞ்சளா சாம்பலா என்று கேட்டது. அவர் வெளிர்மஞ்சள் என்றார். அதனால் சாம்பல் கட்சிக்காரர்கள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மறுப்பு எழுதினார்கள்.

ராஜாவுக்கும் சோதனை வந்தது. அவர் தோட்டத்தில் உலாவியபடி தாம் எழுதிய வெண்பா ஒன்றைச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து மரத்தடியில் இருந்த நாகநாதனார் என்ற இலக்கண ஆசிரியர் கண்ணை மூடியபடியே, "தளை தட்டுகிறது, திரும்பச் சொல்" என்றார். அவருக்குப் பார்வை மங்கல். எதிரில் நிற்பது ராஜா என்று தெரியாது. ராஜா திரும்பச் சொன்னார். "இன்னும் தட்டுகிறது. நாளைக்குத் திருத்திக்கொண்டு வா" என்றார் நாகநாதனார். ராஜாவின் வெண்பாவில் அதுவரை ஒருவரும் பிழை கண்டதில்லை. அவர் முகம் சிவக்கத் திரும்பிப் போனார். ஆனால் மறுநாள் திருத்திக்கொண்டு வந்தார்.

அதற்குள் அறுவடை முடிந்தது. வழக்கமாக அந்தச் சமயத்தில் நெல் வண்டிகள் வந்து குவியும். இந்த முறை ஒன்றுகூட வரவில்லை. பெட்டியும் வற்றிக்கொண்டே வந்தது; பன்னீருக்கென்று எடுக்க அதில் எதுவும் மிஞ்சவில்லை. வல்லபராயர் ஆள் அனுப்பி, வருஷம் தவறாமல் நெல் கொடுக்கும் பூவலிங்கம் என்ற விவசாயியை அவைக்கு வரவழைத்தார்.

"இந்த வருஷம் ஏன் கொடுக்கவில்லை? விளைச்சல் இல்லையா?" என்று ராஜா கேட்டார்.

"விளைச்சலுக்கு என்ன மகாராஜா, நல்லாத்தான் விளைஞ்சிருக்கு. ராஜாவுக்குத்தான் வரி கட்டிட்டேனே. ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை எதுக்குக் கொடுக்கணும்?"

"சங்கத்துக்கு மட்டும் கேட்காமலே கொடுத்தாயே?"

பூவலிங்கம் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டான். "அது யாரோட காசும் இல்லைன்னுதானே கொடுத்தேன். நான் படிக்கும்போது ஒருத்தர் கொடுத்த சோத்தைத் தின்னேன். அவரு பேரே எனக்குத் தெரியாது. அதை யாருக்குத் திருப்பிக் கொடுக்க முடியும்? வர்ற பிள்ளைக்குத்தான் கொடுக்க முடியும். இப்ப அது ராஜா காசா ஆயிடுச்சு. எங்க போகும்னு நான் கண்டேனா?"

ராஜா விகடகவியின் பக்கம் திரும்பினார்: "சீராளா, சங்கத்தை நீயே திரும்ப எடுத்துக்கொள்."

வல்லபராயருக்கும் அதைவிட வேறு ஆசை இல்லை. மாளிகையில் அவர் நிம்மதியாகத் தூங்கிப் பல நாளாயிற்று. ஆனாலும் சீராளன் ஜெயித்துவிட்டான் என்றாகிவிடக் கூடாதே என்ற கவலை அவருக்கு. "பெருமானே, அரசர் ஆணையிட்டு எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது முறையல்ல. ஆணை தவறு என்று நாடு பேசும்" என்றார்.

ராஜாவுக்கு அது சுருக்கென்று தைத்தது. "அப்படியானால் இப்படிச் செய், சீராளா. சங்கத்தை நான் திருப்பிக் கொடுக்க மாட்டேன். வைத்துக்கொள்ளவும் மாட்டேன். என் ஆணையும் பொய்யாகக் கூடாது. ஆனால் இன்றே அது உன்னிடம் வந்து சேர வேண்டும். முடியுமா?"

"முடியும், மன்னவா. உரியவர் இல்லாத பொருள் அரசருக்கு. அதுதானே சட்டம்?"

"ஆம்."

"உரியவர் இருக்கும் பொருளை அரசர் எடுக்கலாமா?"

"கூடாது."

"தாங்கள் எடுத்தபோது சங்கத்துக்கு உரியவர் இல்லை, ஆகவே ஆணை சரி. எடுத்த மறுகணமே தாங்கள் உரியவர் ஆகிவிட்டீர்கள். உரியவர் இருக்கும் பொருளைத் தாங்கள் வைத்துக்கொள்வது சட்டப்படி கூடாது. ஆகவே அது எப்போதோ தங்கள் கையைவிட்டு நழுவிவிட்டது. தாங்கள் திருப்பிக் கொடுக்கவே வேண்டியதில்லை. நான் கீழே கிடப்பதை எடுத்துக்கொண்டு போகிறேன்."

"மறுபடி உரியவர் இல்லாமல் ஆகிவிடுமே. நான் மறுபடி எடுக்கலாமே?" என்றார் ராஜா.

"தாராளமாக எடுக்கலாம். பிள்ளைகள் இன்னும் மூட்டையை அவிழ்க்கவில்லை. நாகநாதனாரும் இங்கேயேதான் இருக்கிறார்."

ராஜா அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்ததைப் பார்த்து அவை சிரித்தது. பூவலிங்கத்துக்கு என்ன நடந்தது என்று விளங்கவில்லை, ஆனால் அவனும் சிரித்தான். வல்லபராயர் மட்டும், இன்றிரவு தூங்கலாம் என்ற நிம்மதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ராஜா தம் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிச் சீராளனுக்குப் போட்டார். "இது உனக்கு. சங்கத்துக்கு நான் என்ன செய்யட்டும்?"

"சங்கத்தில் சேரலாம், மன்னவா."

"நான் அங்கே படிக்கவில்லையே. எனக்கு ஆசிரியர்கள் அரண்மனைக்கு வந்தல்லவா சொல்லிக் கொடுத்தார்கள்?"

"கலாசாலைச் சோற்றைச் சாப்பிட்டீர்கள். கலாசாலை ஆசிரியரிடம் திட்டு வாங்கினீர்கள். சொன்ன பாடத்தைத் திருத்திக்கொண்டும் வந்தீர்கள். எங்களில் பலர் அவ்வளவுகூடச் செய்ததில்லை."

ராஜா எழுந்து, மரத்தடியில் இருந்த நாகநாதனாரிடம் தாமே போய், தாம் தேறிவிட்டோமா என்று கேட்டார். கிழவர் வெண்பாவைக் கடைசியாக ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தார்.

"பரவாயில்லை, போ" என்றார்.

பட்டாபிஷேகத்தன்றுகூட ராஜா முகத்தில் அப்படி ஒரு மகிழ்ச்சியைக் கண்டதில்லை என்று அரண்மனையில் பேசிக்கொண்டார்கள்.