யாரும் அளக்காத நாற்காலி

மரவேலைக் கண்காட்சியின் கடைசி நாள். கூரைக் கண்ணாடி வழியாக மதிய வெயில் இறங்கியது. அதில் மரத்தூள் விழாமல் மிதந்துகொண்டிருந்தது.

கதவுக் கடையில் கதவுகள் சுவரில்லாமல் நின்றன. யாரோ ஒருவர் ஒரு கதவைத் திறந்து அந்தப் பக்கம் போனார். அந்தப் பக்கமும் இதே கூடம்தான். இருந்தாலும் ஒரு கணம் தயங்கி நின்றுவிட்டுத்தான் நடந்தார்.

அதைப் பார்த்தபடி செண்பகவல்லி முக்காலியில் உட்கார்ந்திருந்தார். இந்தக் கண்காட்சியை ஆரம்பித்தவர் அவர். இப்போது நடத்துவது மாசிலாமணி. செண்பகவல்லியைவிட வயதில் மூத்தவர் என்றாலும், தொழிலைக் கற்றுக்கொண்டது அவரிடம் என்பதால் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

மாசிலாமணி வேர்த்துப்போய் வந்து நின்றார்.

"டீச்சர், பின்வரிசைக் கடைக்காரங்க அடுத்த வருஷம் வரமாட்டாங்களாம். சாயங்காலத்துக்குள்ள அவங்க சரின்னு சொல்லலைன்னா மண்டபத்துக்காரர் நம்ம தேதியை நகைக் கண்காட்சிக்குக் குடுத்துடுவாருங்க. இதோட நம்ம கதை முடிஞ்சுது."

"ஏன் வரமாட்டாங்களாம் அண்ணா?"

"ஜனம் வருது, பாக்குது, போகுது. நிக்க மாட்டேங்குதுன்னு சொல்றாங்க. வந்தவங்களக் கேட்டா, தெரியாத வீட்டுக் கல்யாணத்துக்கு வந்த மாதிரி இருக்குதுங்கறாங்க."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என்ன செய்யலைன்னு கேளுங்க. ஏசி, கம்பளம், வாசல்ல பன்னீர், குலுக்கல்ல ஸ்கூட்டர். ஒண்ணும் எடுபடலீங்க. என்னதான் செய்யறது டீச்சர்?"

செண்பகவல்லி கூட்டத்தைப் பார்த்தார். எல்லோரும் தண்ணீருக்கடியில் நடப்பவர்களைப் போல மெதுவாக நடந்தார்கள். ஒரு தச்சர் தேக்கு ஊஞ்சல் முன்னால் நின்றார். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. பை காலி. கையை வெளியே எடுத்து, அதை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்தார்.

"எதைத் தேடறார்?"

"அளக்கற டேப்பை. மூணு வருஷமா வாசல்லயே வாங்கி வெச்சுக்கறோம்."

"எதுக்கு?"

"கடைக்காரங்க கேட்டதுதானுங்க. அளந்துட்டுப் போயி அதே மாதிரி செஞ்சுடறாங்கன்னு ஒரே சண்டை. அதுலயும் நாற்காலிக் கடை அங்கமுத்து எங்களை உக்காரவே விடலை."

செண்பகவல்லி எழுந்து வாசலுக்குப் போனார். கூடைகளில் டேப்புகள் எண்சீட்டோடு சுருண்டு தூங்கின. ஊஞ்சல் முன் நின்ற தச்சர் தன்னுடையதைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

"அதைக் கொஞ்சம் குடுப்பீங்களா? நீங்களும் கூட வாங்க."

பின்வரிசையில் அங்கமுத்து, தான் செய்த நாற்காலி ஒன்றிலேயே கண்ணயர்ந்திருந்தார். செண்பகவல்லி பக்கத்து நாற்காலிக்கு முன்னால் மண்டியிட்டு டேப்பை இழுத்தார். அந்தச் சத்தம் போதும். அங்கமுத்து துள்ளி எழுந்து, பின்னாலேயே வந்திருந்த மாசிலாமணியைப் பார்த்துக் கத்தினார்.

"ஏனுங் மாசியண்ணா, கண்ணைத் தொறந்துட்டே தூங்கறீங்களா? பட்டப்பகல்ல திருடறாங்க!"

செண்பகவல்லி நிமிரவில்லை. "பின்கால் பதினாறரை இஞ்ச்" என்றார்.

"பதினாறரையா!" அங்கமுத்துவுக்குத் திருட்டு மறந்துபோனது. "சாஞ்ச காலை நேரா நிறுத்தி அளந்தா? இப்படிக் குடுங்க. சாய்வோடயே புடிக்கணும். பாத்துக்கங்க, பதினேழு."

"சாய்வு எதுக்கு?" என்றார் தச்சர்.

"சோறு தின்னவன் பின்னால சாயாம இருப்பானா? அப்ப முன்கால் தூக்கக்கூடாது. உக்காந்து பாருங்க."

தச்சர் உட்கார்ந்தார். சாய்ந்தார். கண்ணை மூடினார்.

"தூக்கலை. ஆனா கைப்பிடி இடிக்கும்."

"யாரை இடிக்கும்?"

"என் சம்சாரத்தை. உக்காந்துட்டே பூ கட்டும், முழங்கை படும்."

அங்கமுத்து தாடையைத் தேய்த்தார். வேறு யாரும் அங்கே இல்லாதது போல வெகுநேரம் யோசித்தார். பிறகு கம்பளத்தைச் சுருட்டித் தள்ளிவிட்டு, தரையில் பென்சிலால் கோடு போட ஆரம்பித்தார். கைப்பிடியில்லாத ஒரு நாற்காலி மெல்ல உருவாகி வந்தது. போகிறவர்கள் குனிந்து பார்த்தார்கள். குனிந்தவர்கள் நின்றார்கள். "சாய்வைக் கூட்டினா என்ன ஆகும்?" என்றது ஒரு குரல். "மல்லாந்து விழுவீங்க" என்றார் அங்கமுத்து. சிரிப்பு அடுத்த கடைவரை போனது.

"இங்கயும் யாராச்சும் வந்து திருடுங்களேன்" என்று அந்தக் கடைக்காரர் கத்தினார்.

மாசிலாமணி ஓடிப்போய்க் கூடைகளை உள்ளே தூக்கிவரச் சொன்னார்.

சாயங்காலம் அங்கமுத்து அவரிடம் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. "அடுத்த வருஷம் மூலையில போட்டுடாதீங்க. நடுவுல குடுங்க. ஆள் நிக்க எடம் பத்தலை. வரிசையில மத்தவங்களும் அதையேதான் சொல்றாங்க."

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கதவுகளை வண்டியில் ஏற்றினார்கள். அவை நின்ற இடத்தில் வெறும் இருட்டு நின்றது.

"டீச்சர்" என்றார் மாசிலாமணி. "அந்தத் தச்சர் ஒரு தாள் பூரா அளவு எழுதிட்டுப் போயிருக்காரு. ஊருக்குப் போயி அந்த நாற்காலியை அப்படியே செஞ்சுடுவாருங்களே."

"செய்வார். அந்தம்மா அதுல உக்காந்து பூக்கட்டுவாங்க. பக்கத்து வீட்டுக்காரங்க வந்து பாத்துட்டு, இந்த மாதிரி எங்க கத்துக்கிட்டீங்கன்னு கேப்பாங்க. அவர் என்ன சொல்வாரு அண்ணா?"