தொட்டிலில் கிடந்த கிழவன்

அந்தக் காலத்தில் ஆடும் பேசும், கூகையும் பேசும். மனிதர்களுக்குத்தான் பெயர் அத்தனை சுலபமாகக் கிடைக்காது.

இத்தாலிக்குத் தெற்கே சிசிலி என்று ஒரு தீவு இருக்கிறது. கிரேக்க நாட்டிலிருந்து கப்பலேறி வந்த சிலர் அங்கே ஒரு மலைச்சரிவில் குடியேறினார்கள். அந்த மலையின் வெடிப்புகளில் எந்நேரமும் ஆவி கிளம்பும். காற்றில் கந்தகம் நாறும். பிறந்த குழந்தைக்கு அவர்கள் பெயர் வைப்பதில்லை. பெயர் என்பது எடுக்க வேண்டிய ஒன்று என்று நினைத்தார்கள். ஒருவன் ஏதாவது செய்து காட்டினால் ஊர் கூடி அவனுக்குப் பெயர் சொல்லும். அதுவரை அவன் 'அது'தான். பெரிதாக ஒன்றைச் செய்தால் பழைய பெயரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதைப் பெறலாம்.

இந்த வழக்கத்தால் பிழைத்தது கூகை ஒன்றுதான். பெயரில்லாததை எடுத்துக்கொள்ளும் உரிமை அதற்கு இருந்தது. குளிர்காலத்தில், விடியற்காலையில், மூடுபனியோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்து, "உள்ளே பெயரில்லாதது எது?" என்று கேட்கும். பொய்ப்பெயர் சொன்னால், "என்ன செய்து எடுத்தான் அந்தப் பெயரை?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்குப் பதில் இருக்காது. கூகை போன பிறகு தொட்டிலில் குழந்தை சில்லிட்டுக் கிடக்கும்.

பிலின்னாவுக்கு அப்படி இரண்டு போயிருந்தன. பிலின்னா என்றால் பாசக்காரி என்று பொருள். சிறு பெண்ணாக இருந்தபோது, கால் முறிந்த நாயொன்றை விட்டு நகராமல் கிடந்து எடுத்த பெயர். மூன்றாவது குழந்தை வயிற்றில் இருக்கும்போது அவள் கணவனைக் கடல் கொண்டுபோனது. குழந்தை மாசிப் பனியில் பிறந்தது. வீட்டில் அவளும் அதுவும் மாமனாரும் மட்டுமே.

மாமனாரின் பெயர் கலோகெரோ. அவர்கள் மொழியில் 'கலோ' என்றால் நல்ல, 'கெரோ' என்றால் கிழவன். பஞ்சம் வந்த ஆண்டில் தன் பங்கு ஆட்டுப்பாலை ஊரில் தாயில்லாத பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டு, அவர் புல்வேரை அவித்துத் தின்றார். பல்லெல்லாம் அதில்தான் உதிர்ந்தது. அதற்கு முன் அவருக்கு வேறு பெயர் இருந்தது. அது என்னவென்று இப்போது அவருக்கே நினைவில்லை.

"மாமா, பால் காய்ந்துவிட்டது. எழுந்து குடியுங்கள்."

"முதலாளிக்குக் கொடுத்தாயா?" என்று தொட்டிலைக் காட்டிக் கேட்பார்.

"முதலாளி குடித்துவிட்டுத் தூங்குகிறார்."

"என்னைப் பார், அவனைப் பார். தலையில் மயிர் இல்லை, வாயில் பல் இல்லை, நிற்கத் தெம்பு இல்லை, படுக்கையை நனைக்கிறோம். இரண்டு கிழவர்களைக் கட்டி மேய்க்கிறாய், தாயே!" என்று சொல்லிவிட்டு இருமுவார்.

பிலின்னா சிரிப்பாள். இருமல் நீளும்போது மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுக் காது கொடுத்துக் கேட்பாள். இந்தக் கிழ உடம்பு எத்தனை நாள் தாங்கும் என்ற எண்ணம் வரும். வந்த உடனே நெஞ்சில் ஓங்கிக் குத்திக்கொள்வாள்.

குழந்தை பிறந்ததை ஊருக்குச் சொல்லாமல் வைத்திருந்தார்கள். ஆனால் வீட்டுப் பெட்டையாட்டுக்கு வாய் சும்மா இருக்காது. "இப்போதெல்லாம் என்னை இரண்டு வேளை கறக்கிறார்கள், வீட்டில் புது வாய் வந்திருக்கிறது" என்று மேய்ச்சலில் பெருமையடித்தது. மலை முழுவதும் கேட்டது.

"உன் நாக்கை அறுக்க!" என்றார் கிழவர்.

"உண்மையைத்தானே சொன்னேன்?" என்றது ஆடு.

மறுநாள் விடியலில் மூடுபனி வழக்கத்தைவிடக் கனமாக இறங்கியது. வாசற்படியில் நகம் கீறும் சத்தம். பிலின்னா குழந்தையைத் துணியோடு வாரி மார்பில் அழுத்திக்கொண்டாள். கிழவர் அடுப்புப் பக்கம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"பெண்ணே, உள்ளே பெயரில்லாதது எது?" என்றது கூகை.

"நான் பிலின்னா."

"உன்னைத் தெரியும். உன் வீட்டுக்கு முன்பே இரண்டு முறை வந்திருக்கிறேன். கையில் இருப்பது?"

அவள் வாய் திறந்தது. என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது என்பார்கள். தெரியாமல் இருந்திருக்காது.

"இவர் கலோகெரோ," என்றாள்.

கூகை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தது. "பெரிய பெயர். என்ன செய்து எடுத்தார்?"

"பஞ்சத்தில் தன் பாலைத் தாயில்லாப் பிள்ளைகளுக்கு ஊற்றினார்."

"அது நடந்ததுதான். நானும் அந்த ஆண்டு பசியோடு திரும்பிப் போனேன். முகத்தைக் காட்டு."

அவள் துணியை விலக்கினாள். பனிமூட்டத்துக்குள்ளிருந்து கூகை எட்டிப் பார்த்தது. மயிரில்லாத தலை. பல்லில்லாத வாய். நெற்றி நிறையச் சுருக்கம்.

"சரி, கிழவர்தான்," என்றது கூகை. அது ஏமாந்ததா, ஏமாந்ததுபோல் இருந்ததா என்று அதன் குரலில் தெரியவில்லை. "அப்படியென்றால் அடுப்போரம் உட்கார்ந்திருப்பது எது?"

பிலின்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளதைச் சொன்னால் குழந்தை போகும். மாமனாருக்கென்று இன்னொரு பெயர் உலகத்தில் இல்லை. அவருடையதை அவள் எடுத்துக் கொடுத்துவிட்டாள். திரும்பி அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலைக்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுப்பில் ஒரு விறகு முறிந்து விழுந்தது.

"பெண்ணே, எனக்கு ஒன்று வேண்டும். எது என்பது உங்கள் பாடு," என்றது கூகை.

"அவளை ஏன் வதைக்கிறாய்?" கிழவர் சுவரைப் பிடித்து எழுந்தார். "எனக்குத்தான் பெயரில்லை. இன்னும் ஒன்றும் செய்து காட்டவில்லை, அதனால் ஊர் கொடுக்கவில்லை."

"மாமா!"

"யாருக்கு யார் மாமா? மாமா உன் கையில் இருக்கிறார். கழுத்தைத் தாங்கிப் பிடி, தலை தொங்குகிறது பார்." அவர் கிட்டே வந்து குழந்தையின் வழுக்கைத் தலையில் உள்ளங்கையை வைத்தார். "நல்ல பெயர். அழுக்காக்காமல் வைத்துக்கொள்ளடா, கிழவா."

அவள் அவர் மேலங்கியைப் பிடித்திருக்கலாம். ஒரு கை போதும். ஆனால் இரண்டு கைகளும் குழந்தையைச் சுற்றி இறுகியிருந்தன. அவற்றில் ஒன்றும் அசையவில்லை.

அவர் படியைத் தாண்டினார். பனி மூடியது. இருமல் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் கேட்கவில்லை.

வெயில் ஏறியதும் ஊரார் போய்ப் பார்த்தார்கள். மலைவெடிப்பு ஒன்றின் ஓரத்தில், கைகால்களை மடக்கிச் சுருண்டு கிடந்தார். வயிற்றுக்குள் குழந்தை கிடப்பதுபோல் கிடந்தார். பெயரில்லாதவருக்கு எந்தப் பெயரைச் சொல்லி ஒப்பாரி வைப்பது? பேசாமல் புதைத்தார்கள். பெட்டையாடு குழியருகே வந்து எதையோ சொல்ல வாயெடுத்தது. வெறும் கத்தல்தான் வந்தது. அதற்குப் பிறகு எந்த ஆட்டின் வாயிலும் சொல் வரவில்லை.

ஊர் பிலின்னாவை ஏசவில்லை. அந்த வாரமே வேறொரு வீட்டில் ஒரு தாத்தா தானாக முன்வந்து, "என் பெயரை இந்தப் பிள்ளைக்குக் கொடுங்கள்" என்றார். பிறகு இன்னொருவர் கொடுத்தார். வயதானவர்கள் முன்னால் போக, பிள்ளைகள் பெயரோடு மிஞ்சினார்கள். கூகைக்கு அலுத்துவிட்டது. அது கேள்வி கேட்பதையே விட்டுவிட்டது. இப்போது பெயர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், யாரையும் கேட்காமல் உள்ளே வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போகிறது.

குழந்தை வளர்ந்தான். முடி முளைத்தது, பல் முளைத்தது. பிலின்னா சாப்பிடக் கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். "கலோகெரோ!" என்பாள். பையன் ஓடி வருவான். ஆனால் அவளுடைய முகம் அதற்குள் அடுப்போரத்துச் சுவர் பக்கம் திரும்பியிருக்கும். சாகும்வரை அந்தப் பழக்கம் அவளை விடவில்லை.

காலப்போக்கில் அந்தத் தீவின் பேச்சு மாறியது. கலோகெரோ தேய்ந்து கலோஜெரோ ஆனது. கிழவர் படியைத் தாண்டிய அன்று முதல்தான் அங்கே பல் முளைக்காத பச்சைப் பிள்ளைக்கு நல்ல கிழவன் என்று பெயர். எந்தப் பிள்ளையும் நெற்றியில் ஒரு கிழவரின் சுருக்கத்தோடு பிறக்கிறது, பெயரைக் கொடுத்தவர் முகத்தை வீடு மறந்த பிறகே அந்தச் சுருக்கம் மறைகிறது.