கதவைச் சாத்திய கெர்னல்

“மேடம், கெர்னல் மறுபடியும் வழி தவறிப் போயிருச்சுங்க,” என்றார் நாச்சிமுத்து.

குரு செலின் மேடத்துக்கு வயது முப்பத்தாறு. சீடர் நாச்சிமுத்துவுக்கு ஐம்பத்து நாலு. பாதி ஆயுசை மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் சுற்றுவதில் கழித்துவிட்டுக் கம்ப்யூட்டர் படிக்க வந்தவர். சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதெல்லாம் ஒரு காலம். கோயமுத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு மேலே ரெண்டே அறை, மூணு கம்ப்யூட்டர், ஒரே ஒரு டெலிபோன். அந்த மாடியில் கிடைத்த சந்தோஷம் அப்புறம் எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் கிடைக்கவில்லை என்று நாச்சிமுத்து இன்றைக்கும் சொல்வார்.

செய்துகொண்டிருந்தது டயாலிசிஸ் மெஷின். அதை உள்ளிருந்து நடத்துகிற கெர்னல் என்கிற புரோகிராம் அவர் பொறுப்பு. திங்கட்கிழமை அது ஆஸ்பத்திரிக்குப் போகிறது. ரத்தக் குழாயில் காற்றுக் குமிழி வந்தால் அந்த நொடியே குழாயை அடைக்க வேண்டும். தாமதமானால் படுத்திருக்கிறவர் உயிர் போய்விடும்.

“எப்பத் தவறுது?”

“சென்சார் கூப்பிட்டா, செய்யற வேலையை நிறுத்திட்டுப் போய்க் கவனிச்சுட்டுத் திரும்பிருதுங்க. அப்படி ஒரு இன்டரப்ட் வந்தாத் தொந்தரவே இல்லை. அதுக்குள்ளயே இன்னொண்ணு வந்தாத்தான் முதல்ல எங்க விட்டோம்னு மறந்துருது. அந்த நேரம் பாத்து உள்ளேயும் ஒரு கோளாறு வந்துட்டா, அவ்வளவுதான், படுத்துக்குது.”

“என்ன செய்யலாம்னு இருக்கீங்க?”

“ஒண்ணைக் கையில எடுத்தா அது முடியற வரைக்கும் யாரு கூப்பிட்டாலும் திரும்பாதேன்னு எழுதிடறேங்க.”

“எழுதிப் பாருங்க.”

“எனக்கும் இன்னிக்கு அதேதானுங்க. யாரும் கூப்பிடக் கூடாது.”

டெலிபோன் ரிசீவரை எடுத்துக் கீழே வைத்தார். உள் அறைக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் யாரோ கதவைத் தட்டினார்கள். காதில் விழவில்லை என்று சொன்னால் அது பொய். இன்னும் கொஞ்சம்தான் பாக்கி, முடித்துவிட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார் மனுஷன். மறுபடி ஒரு தரம் தட்டினார்கள். அப்புறம் சத்தமில்லை.

மூணு மணிக்கு, மெஷினில் இருக்கிற பட்டனையெல்லாம் ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தார். கெர்னல் படுக்கவில்லை. தலைகால் புரியாத சந்தோஷத்தோடு வெளியே வந்தார்.

“ஜெயிச்சாச்சுங்க மேடம். ஒருதரம்கூட விழலை.”

மேடம் சிரிக்கவில்லை.

“வசுமதி வந்திருந்தா.”

வசுமதி அவருடைய ஒரே மகள். டெல்லியில் வேலை கிடைத்து, அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தாள்.

“உடனே வந்து சேரச் சொல்லித் தந்தியாம். ரெண்டரை மணி வண்டி. அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்னா. ரெண்டு தரம் தட்டினோம். முக்கால் மணி நேரம் அந்தக் கதவுகிட்டயே நின்னா.”

நாச்சிமுத்து கடிகாரத்தைப் பார்த்தார். மூணு பத்து. சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் விட்ட பிள்ளை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் துண்டை விலக்கி மேடத்தைப் பார்த்தார்.

“எவ்வளவு நேரமுங்க ஆயிருக்கும்? விட்ட வரியை ஒரு சீட்டுல குறிச்சு வச்சுட்டு எந்திரிச்சு வந்திருப்பேன். அவளை அனுப்பிட்டு, சீட்டைப் பாத்து அங்கிருந்தே தொடங்கியிருப்பேன்.”

“அவகிட்டப் பேசிட்டு இருக்கறப்ப டெலிபோன் அடிச்சா?”

“அவகிட்ட எதுவரைக்கும் பேசினேன்னு இன்னொரு சீட்டு. அதை முதல் சீட்டு மேல வச்சிருப்பேன். திரும்பி வந்து மேல இருக்கறதை முதல்ல எடுத்து...”

பாதியில் நிறுத்திவிட்டார். அவர் எழுதிய கெர்னலுக்கு வெளியே ஒரு குமிழி நின்று தட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“கெர்னலுக்கும் இதையே சொல்லிக் குடுங்கண்ணா,” என்றார் மேடம்.